ஒரு நாள் குறைய இருபத்தொரு வருசம்

மீன்பிடிக் கழகத்துக்குச் செயலாளராய் இருக்கிறவன் மீனைத் தவிர மற்ற எல்லாத்தையும் பிடிப்பான். பேனை பிடிச்சன், போன் பிடிச்சன், ஆக்களின்ர காலையும் பிடிச்சன். உங்களையும் கோயில் சபை, ஊர்ச்சங்கம், பழைய மாணவர் சங்கம் எண்டு எங்கையாவது ஒரு கதிரையில இருத்தி "செயலாளர்" எண்டு பேர் வைச்சிருப்பினம். அப்பிடியான ஆக்களுக்குத்தான் இதை எழுதுறன். மற்றாக்களுக்கு இந்த நோவு விளங்காது.

ஊரை விட்டு இந்தப் பனி நாட்டுக்கு வந்து நான் வெக்ஸ்போர்ட் எண்ட இடத்தில இருக்கிறன், பள்ளிக்கூட பஸ் ஓடுறன். காலமை பிள்ளையளை இறக்கினால் பின்னேரம் வரைக்கும் நான் சும்மாதான் எண்டு ஆரோ கண்டுபிடிச்சு, அந்த நேரத்தை அப்பிடியே கழகத்துக்கு எழுதி எடுத்துப்போட்டினம். எங்கட கழகத்தில இருபது குடும்பம். எங்களுக்கெண்டு ஒரு துண்டு ஆத்தங்கரையை உரிமையோட எடுக்க நாங்கள் பட்ட பாடுதான் கீழ வருது.

வாகனச் சத்தம்

இந்த நாட்டில லைசென்ஸ் எடுத்தால் ஆரும் மீன் பிடிக்கலாம். ஆனா ஆத்துக்குப் போற காணி ஒரு பண்ணைக்காரருக்குச் சொந்தமாய் இருக்கும். நல்ல மனிசர் எண்டால் "வாங்கோ, பிடியுங்கோ" எண்டு விடுவினம். அவை காணியை வித்தால் அதோட சரி. புதுசாய் வாங்கினவர் முதல் வேலையாய் "உள்ளே வரக்கூடாது" எண்டு பலகை அடிப்பார். எங்களுக்கு அப்பிடி இரண்டு இடம் கைவிட்டுப் போச்சு.

எங்கட கழகத்துச் சிவம் அண்ணையைத்தான் அது ஆகலும் தாக்கினது. அறுபத்தெட்டு வயசு. மயிலிட்டியில கடற்றொழில் செய்த குடும்பம். சண்டைக் காலத்தில ஆமிக்காரர் ஊரையே எழுப்பிக் கலைச்சுவிட்டவை. உடுத்த உடுப்போட வெளிக்கிட்டவர் பிறகு அந்தக் கரையில கால் வைக்கேல்லை. இங்க வந்து ரெக்ஸ்டேலில ஒரு பேக்கரியில முப்பது வருசம் மா குழைச்சார். மனிசியும் செத்து மூண்டு வருசம். கிழமைக்கு ஒருநாள் தண்ணிக்கரையில போய் இருக்காட்டில் மனிசனுக்குச் சாப்பாடு இறங்காது. ஆனா ரோட்டில ஒரு வாகனம் வேகம் குறைக்கிற சத்தம் கேட்டால் போதும். ஒருத்தரும் ஒண்டும் சொல்ல முதலே நூலைச் சுத்தி, கதிரையை மடிச்சு, எழும்பி நிண்டிடுவார். இரண்டாவது இடத்திலயும் பலகை அடிச்ச அண்டைக்கு என்ர வானுக்குள்ள ஏறி இருந்து கதவைச் சாத்திப்போட்டுச் சொன்னார்: "தம்பி, இனிப் பாத்தால் பேப்பர் இருக்கிற கரையாய்ப் பாருங்கோ. பேப்பர் இல்லாத கரையில எழும்பி எழும்பி என்ர முழங்கால் தேஞ்சுபோச்சு."

கூரை

அடுத்த நாள் தொடக்கம் நகரத்துக்கு வெளிய, ஸ்ரௌவ்வில்லுக்கு வடக்க பண்ணை வீடு வீடாய்க் கதவு தட்டினன். எங்கட ஊர் யாழ்ப்பாணத்தில ஆறே இல்லை எண்டு உங்களுக்குத் தெரியும். மழை பெய்தால் வெள்ளம் ஓடும், அவ்வளவுதான். ஆறில்லாத ஊரில பிறந்த இருபது குடும்பத்துக்காக நான் சப்பாத்து முழுக்கச் சேத்தோட "உங்கட பண்ணையில ஆறு ஓடுதோ?" எண்டு கேட்டுத் திரிஞ்சன். ஒரு வீட்டில நாய் துரத்தினது. இன்னொரு வீட்டில நான் வேதம் பரப்ப வந்தவன் எண்டு நினைச்சு, தாங்கள் ஏற்கனவே தேவாலயம் போறவை எண்டு கையைப் பிடிச்சுக் குலுக்கி அனுப்பிவிட்டினம்.

மூண்டாம் நாள் ஒரு வயசான அம்மா கதவைத் துறந்தா. நான் வாயைத் துறக்க முதலே "வேண்டாம், வேண்டாம்" எண்டு கையைக் காட்டினா. கழகம், ஆறு, மீன், குத்தகை எண்டு பாடமாக்கின எல்லாத்தையும் ஒப்புவிச்சன். அவ பொறுமையாய்க் கேட்டா. கேட்டு முடிஞ்சு, என்ர கோலத்தைப் பாத்து இரக்கப்பட்டு ஒரு போத்தல் தண்ணியும் தந்தா. பிறகு ரோட்டைக் காட்டிச் சொன்னா: "கூரை மாத்தச் சொல்லி வாற ஆக்களிலதான் நீயும் ஒராள் எண்டு நினைச்சன். ஆறு எண்டால் அங்கால மூண்டாவது பண்ணை. அந்தக் கிழவன் கூரையும் மாத்தமாட்டான், குணமும் மாத்தமாட்டான், போய்க் கதைச்சுப் பார்."

பிடிச்சுப் பிடிச்சு விடுறது

அந்தக் கிழவன்தான் கோர்டன். எண்பது தாண்டின மனிசன், தனிய இருக்கிறார். வயலைப் பக்கத்துப் பண்ணைக்காரருக்குக் குத்தகைக்கு விட்டிட்டார். வளவுக்குப் பின்னால ஆறு. குளிர்ந்த தண்ணி, உள்ளுக்க ட்ரவுட் மீன். ஒரு சனிக்கிழமை இரண்டு பேர் வந்து பிடிச்சுக் காட்டுங்கோ, பாப்பம் எண்டார். நானும் சிவம் அண்ணையும் போனம். அவற்ற சட்டம் ஒண்டே ஒண்டு: பிடிக்கிற மீனைத் திருப்பி ஆத்துக்குள்ள விடவேணும்.

சிவம் அண்ணைக்கு முகம் சிவந்துபோச்சு. "மீனுக்கு வாயில தூண்டில் கொளுவி, கரைக்கு இழுத்து, படம் எடுத்துப்போட்டு, போயிட்டு வா எண்டு விடுறதோ? பசிக்கெண்டால் பிடிக்கலாம். விளையாட்டுக்கெண்டால் அதுகளைச் சும்மா விடலாமெல்லே!" எண்டு தமிழில பொரிஞ்சு தள்ளினார். நான் செயலாளர். "அவருக்கு உங்கட சட்டம் நல்லாய்ப் பிடிச்சிருக்காம்" எண்டு இங்கிலிசில சொன்னன். கோர்டன் சிவம் அண்ணையின்ர முகத்தைப் பாத்தார், என்ர முகத்தைப் பாத்தார், "உள்ளதைச் சொல்லு" எண்டார். என்ன செய்யிறது, உள்ளதைச் சொன்னன். வெள்ளைக்காரன் எங்களைத் துரத்தப்போறான் எண்டு நான் வான் திறப்பைத் தேட, கிழவர் சிவம் அண்ணையைக் காட்டிச் சொன்னார்: "இவ்வளவு காலமும் வந்த எல்லாரும் என்ர சட்டத்துக்குத் தலையாட்டிப்போட்டு மீனைப் பெட்டிக்க ஒளிச்சுக் கொண்டு போனவங்கள். முகத்துக்கு நேர பிழை எண்டு சொன்ன முதல் ஆள் இவர்தான். வருசத்துக்கு ஆளுக்கு ஒரு மீன் கொண்டு போகட்டும்."

சிரமதானம்

இந்த வேலையை எங்கட ஆக்களைத் தவிர வேற ஒருத்தரும் செய்திருக்கமாட்டினம். அடுத்த பங்குனிக் கடைசியில, பனி கரைஞ்ச கையோட, கோர்டனுக்கு நன்றி காட்டவேணும் எண்டு கூட்டத்தில தீர்மானம் போட்டம். எங்களுக்கு நன்றி காட்ட இரண்டு வழிதான் தெரியும். ஒண்டு சாப்பாடு, மற்றது சிரமதானம். எல்லாரும் சேர்ந்து கூலி இல்லாமல் ஒரு இடத்தைத் துப்பரவாக்கிக் குடுக்கிறது. கோயில் வீதி, பள்ளிக்கூட வளவு, சுடலை எண்டு சின்ன வயசில இருந்து கூட்டிப் பழகின கை. கோர்டன் தன்ர மகனின்ர வீட்டுக்குப் போயிருந்த சனிக்கிழமையாய்ப் பாத்து, வாள், கோடாலி, கயிறு, வாருகோல் எல்லாத்தோடயும் இருபது குடும்பமும் இறங்கினம்.

கரையில நிண்ட பத்தை செடி ஒண்டு விடேல்லை, எல்லாம் வெட்டினம். ஆத்துக்குள்ள விழுந்து கிடந்த மரங்களைக் கயிறு கட்டி "ஏலேலோ" போட்டு இழுத்து வெளியில அடுக்கினம். வசந்தி அக்கா கடைசியாய் வாருகோலால கரையைக் கூட்டியும் விட்டா. முதியோர் இல்லத்தில வயசுபோன ஆக்களைப் பராமரிக்கிற அக்கா அவ, எங்களுக்குள்ள தூண்டில் போடுற ஒரே பெண்மணி. பின்னேரம் பாக்க, கொடியேத்தத்துக்கு முதல் நாள் கோயில் வீதி மாதிரி இருந்தது. பெருமை தாங்கேலாமல் படம் எடுத்து கோர்டனுக்கு அனுப்பினன். மனிசன் அண்டைக்கே திரும்பி வந்தார். அடுக்கி வைச்ச மரத்துக்கு மேல குந்தி இருந்தார். விழுந்த மரத்துக்குக் கீழதானாம் மீன் ஒதுங்கிறது. பத்தையின்ர நிழல்தானாம் தண்ணியைக் குளிராய் வைச்சிருக்கிறது. சிவம் அண்ணை தலையில அடிச்சுக்கொண்டார். "கணவாய் மீன் வந்து ஒதுங்கட்டும் எண்டு கடலுக்குள்ள நாங்களே இலைக் குழை கட்டி இறக்கினனாங்கள், என்ர புத்தி எங்க மேயப் போச்சு?" எண்டு புலம்பினார். கோர்டன் சத்தம் போட்டுப் பேசியிருந்தால் ஆறுதலாய் இருந்திருக்கும். மெதுவாய்த்தான் சொன்னார்: "நீங்கள் குப்பை எண்டு இழுத்துப் போட்டது மீனின்ர வீடு. நான் கூப்பிடும்வரைக்கும் ஒருத்தரும் வரவேண்டாம்."

கதியால்

மூண்டு மன்னிப்புக் கடிதம் எழுதினன். ஒண்டுக்கும் பதில் இல்லை. சிவம் அண்ணை இரண்டு சனிக்கிழமையும் விடியக் காலமை வெளிக்கிட்டு, தொப்பியும் போட்டுக்கொண்டு, வீட்டு சோபாவில இருந்தவராம். அவற்ற மகள் போன் எடுத்து அழுதா. "அங்கிள், அப்பா சாப்பாட்டைத் தொடுறார் இல்லை" எண்டா. எனக்கு பஸ்ஸில பிள்ளையள் போடுற சத்தம்கூடக் காதில விழேல்லை. கழகம், ஆறு எண்டு வெளிக்கிட்டு ஒரு மனிசனைக் கரையில இருந்து இன்னொருக்கா எழுப்பிப்போட்டன் எண்ட கவலை.

மூண்டாம் கிழமை கோர்டன் கூப்பிட்டார். ஆத்துப் பாதுகாப்புக் கந்தோரில வேலை செய்யிற ஒரு இளம் பிள்ளை வந்து நிண்டா. எந்த மரத்தை எங்க திருப்பிப் போடவேணும் எண்டு அடையாளம் வைச்சிருந்தா. பிறகு ஒரு கட்டு வில்லோ மரத்துத் தடியைக் காட்டி, இன்னும் துளிர்க்காத இந்தத் தடியளைச் சரிவாய் வெட்டிக் கரையில நட்டுவிட்டால் வேர் பிடிச்சு மரமாகும், ஆனா உங்களுக்குப் பழக்கம் வேணும், நான் ஆறுதலாய்ச் சொல்லித்தாறன் எண்டு தொடங்கினா. எங்கட சனம் சிரிச்ச சிரிப்பு! "பிள்ளை, உது கதியால் எல்லோ!" எண்டார் சிவம் அண்ணை. யாழ்ப்பாணத்து வேலி முழுக்க உயிருள்ள தடி நட்டு முளைக்கவைச்ச வேலிதானே. மரங்களைச் சொன்ன இடத்தில திருப்பிப் போட்டு, அலவாங்கால ஒராள் குழி குத்த, ஒராள் தடியை இறக்க, ஒராள் காலால மிதிக்க, பின்னேரத்துக்கிடையில கரை முழுக்க நட்டாச்சு. ஒரே ஒரு பிழை. வசந்தி அக்கா நூல் பிடிச்சுத்தான் நடவிட்டா. ஆத்தங்கரையில நேர்கோட்டில வேலி! அந்தப் பிள்ளை வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சு, அரைவாசியைப் புடுங்கிக் கோணலாய் நடவைச்சா. வைகாசி முடிய முதல் எல்லாம் துளிர்த்திட்டுது. கோர்டன் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிச் சொன்னார்: "செத்த தடியளைக் குத்திப்போட்டுப் போயிட்டாங்கள் எண்டு மகனுக்குச் சொன்னனான். அந்தக் கதையைத் திருப்பி எடுக்கிறன்."

கிணத்துப் பங்கு

அதுக்குப் பிறகு கோர்டன் "நான் உயிரோட இருக்கிறவரைக்கும் இது உங்கட கரை" எண்டு சொல்லிப்போட்டார். என்ர பேஸ்மென்ரில கூட்டம் கூட்டி, ரோல்ஸும் தேத்தண்ணியுமாய் எல்லாரும் கை தட்டினம். சிவம் அண்ணை மட்டும் கை தட்டாமல் ஆறின தேத்தண்ணியைப் பாத்துக்கொண்டிருந்தார். வசந்தி அக்கா எழும்பிக் கேட்டா, "அந்த மனிசன் நூறு வயசுக்கு இருக்கவேணும். ஆனா அவர் இல்லாத அடுத்த நாள் நாங்கள் ஆர்?" அக்காவின்ர ஊர் வீட்டில கிணறு மூண்டு குடும்பத்துக்குப் பொதுவாம். மாமா தன்ர பங்கை வித்துப்போட, வாங்கினவர் கிணத்தடிக்குப் போற பாதையை அடைச்சு வேலி போட்டாராம். வழக்கு வருசக்கணக்காய் இழுபட்டதாம். கடைசியில காணி உறுதிப் பத்திரத்தில கிடந்த ஒரு வரிதான் காப்பாத்தினதாம்: கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் உண்டு எண்டு. "காணி ஆரின்ர கைக்குப் போனாலும் பங்கு காணியோட ஒட்டிக்கொண்டு போகும். உதை மாதிரி இந்த ஆத்துக்கும் எழுதுங்கோ" எண்டா.

அக்காவின்ர தங்கச்சியின்ர மகள் தர்ஷினி, இங்க பிறந்த பிள்ளை, லோயர். அவவைப் பிடிச்சம். காணிப் பதிவில எங்கட உரிமையைப் பதியலாமாம், பதிஞ்சால் புதுசாய் வாங்கிறவரையும் அது கட்டுப்படுத்துமாம். ஆனா இருபத்தொரு வருசமோ அதுக்கு மேலயோ எண்டு எழுதினால் நகரசபையின்ர அனுமதி தேவையாம், அது பெரிய இழுபறி. ஒரு நாள் குறைச்சு எழுதினால் தேவையில்லையாம். இப்பிடி ஒரு சட்டத்தை எங்கட ஆக்கள்தான் எழுதியிருக்கவேணும் எண்டு நான் நினைச்சன். எல்லாம் விளங்கப்படுத்தி முடிஞ்சு தர்ஷினி வசந்தி அக்காவைக் கட்டிப்பிடிச்சுச் சொன்னா: "பெரியம்மா, லோ ஸ்கூலில எனக்கு ஒரு டேர்ம் முழுக்கப் படிப்பிச்சதை நீங்கள் ஒரு கிணத்தை வைச்சுச் சொல்லிப்போட்டியள், ஐ ஆம் நொட் கிடிங்."

வெள்ளிக்கிழமை

காணி கோர்டனின்ர பேரிலயும் மகனின்ர பேரிலயும் இருந்தது. மகன் டவுன்ரவுனில வேலை, கையெழுத்து வைக்கமாட்டன் எண்டு நிண்டார். அவரில பிழை சொல்லேலாது. தகப்பனால இனித் தனிய இருக்கேலாது, காணியை எப்பிடியும் விக்கவேணும், எங்கட பேப்பர் அதில ஒட்டிக்கொண்டு கிடந்தால் விலை குறையும். அதைவிட மனசில ஒண்டு கிடந்தது. தான் நீந்தப் பழகின ஆத்துக்குத் தன்ர பிள்ளையளைக் கொண்டு வந்தால் எந்த நேரமும் இருபது பேர் கரையில நிப்பினம் எண்டு நினைச்சார். நான் நாலுதரம் கதைச்சுப் பாத்தன், அசையேல்லை. சிவம் அண்ணைக்கு இதை எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியாமல் இரண்டு கிழமை அவற்ற போனை எடுக்காமல் விட்டன். வெக்கம்தான், ஆனா செய்தன்.

பிறகு ஒருநாள் மகன் தானாய்க் கூப்பிட்டார். ஆத்தங்கரைக்கு நாங்கள் எத்தினை பேர் வாறம் எண்டு எண்ண வந்தவராம். மூண்டு கிழமை, மூண்டுதரம், ஒருத்தரையும் காணேல்லையாம். "என்ன, நான் வாறது தெரிஞ்சு ஒளிக்கிறியளோ?" எண்டார். எந்த நாள் வந்தனீங்கள் எண்டு கேட்டன். வெள்ளிக்கிழமை. வேலை கொஞ்சம் நேரத்தோட முடியிற நாளாம். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. வெள்ளிக்கிழமை நாங்கள் எல்லாரும் சைவம், மீன் சட்டியை அடுப்பில ஏத்தமாட்டம், தூண்டிலையும் தொடமாட்டம், கழகத்து யாப்பில அதுதான் முதலாவது விதி எண்டு விளங்கப்படுத்தினன். "அப்பிடியெண்டால் எல்லா வெள்ளியும் ஆறு சும்மாதான் கிடக்குமோ?" எண்டார். எனக்கு எங்கயிருந்து புத்தி வந்துதோ தெரியாது, நீங்களும் கழகத்தில சேருங்கோ, வெள்ளிக்கிழமையை உங்கட குடும்பத்துக்கெண்டு பேப்பரில எழுதுறம், காணியை வித்தாலும் அது உங்களுக்குத்தான் எண்டு சொல்லிப்போட்டன். அவர் கேட்டார்: "வித்தாப் பிறகும் என்ர பிள்ளையள் இந்த ஆத்தில கால் நனைக்கலாமெண்டால், எந்த இடத்தில நான் கையெழுத்து வைக்கவேணும்?"

பிளாஸ்ரிக் பை

கையெழுத்தும் வைச்சாச்சு, பதிஞ்சும் ஆச்சு. கோர்டன் முதியோர் இல்லத்துக்குப் போயிட்டார். அந்த வருசத்துக்குத் தனக்கு உரித்தான ஒரே ஒரு மீனை சிவம் அண்ணை உறைப்புப் போடாமல் பொரிச்சு அவருக்குக் கொண்டு போய்க் குடுத்தார். இலையுதிர் காலத்தில காணி வித்துப்போச்சு.

அடுத்த சித்திரை, மீன்பிடிக் காலம் தொடங்கின முதல் சனிக்கிழமை. நானும் சிவம் அண்ணையும் கரையில இருந்தம். ரோட்டில ஒரு பிக்கப் வேகம் குறைக்கிற சத்தம் கேட்டது, கதவு சாத்திற சத்தம் கேட்டது. என்னை அறியாமல் நான் எழும்பிட்டன். நூலையும் சுத்தத் தொடங்கிட்டன், பாருங்கோவன், அந்தப் பேப்பரை எழுதுவிச்ச ஆளே நான்தான்! திரும்பிப் பாத்தால் சிவம் அண்ணை கதிரையில அப்பிடியே இருக்கிறார். புதுச் சொந்தக்காரர், இளம் மனிசன், இது தனியார் காணி எண்டு சொல்லிக்கொண்டு கிட்ட வந்தார். சிவம் அண்ணை ஜக்கெற்றுக்குள்ள கை விட்டு, பிளாஸ்ரிக் பையில போட்டு வைச்ச பேப்பரை எடுத்து, இருந்தபடியே நீட்டினார். அவர் முழுக்க வாசிச்சார். "ஓ, லோயர் சொன்ன கழகம் நீங்கள்தானோ" எண்டு திருப்பிக் குடுத்து, மீன் கொத்துதோ எண்டும் கேட்டுப்போட்டுப் போனார்.

எனக்குக் கண் கலங்கிப்போச்சு. அதை மறைக்கிறதுக்கு, "அண்ணை, எல்லாம் சரி, இருபத்தொரு வருசத்தில ஒரு நாள் குறையுதே, அதுக்கு என்ன செய்வம்?" எண்டு கேட்டன். மனிசன் தண்ணியில இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அந்த ஒரு நாளைக்கு நான் எழும்பி நிக்கிறன், தம்பி. அதுக்கு முதல் ஒருத்தரும் என்னை எழுப்பேலாது."

ஆறில்லாத ஊரில பிறந்த எனக்கு இப்ப ஒரு ஆத்தின்ர பேப்பர் கையில கிடக்கு, மீன்தான் இன்னும் ஒண்டும் அம்பிடேல்லை.